தோணிக்காரன் திரும்பி வந்த சனிக்கிழமை

1

போன மாதம் வதிவிட அட்டை புதுப்பிக்கும் கந்தோரில் நான் ஒரு சாமுராயைப் போலப் பேசிவிட்டேன்.

வீட்டு வாடகைப் பத்திரத்தில் ஒரு பக்கம் குறைகிறது என்று என்னைத் திருப்பி அனுப்பத்தான் இருந்தார்கள். கண்ணாடிக்குப் பின்னால் இருந்த இளம்பெண் மட்டும் பழைய கோப்பைத் தோண்டி அந்தப் பக்கத்தை எடுத்துவிட்டாள். நன்றி சொல்ல வாயைத் திறந்தேன். என் பிரெஞ்சில் வந்தது இப்படி: "இந்த உதவியை என் கடைசி மூச்சுவரை மறவேன்." அவள் தலையை நிமிர்த்திப் பார்த்தாள். பிறகு, "எந்தத் தொடர் பார்க்கிறீர்கள்?" என்று கேட்டுச் சிரித்தாள்.

பிடிபட்டுவிட்டேன். பிரான்சுக்கு வந்த புதிதில் அரசாங்கம் அனுப்பிய மொழி வகுப்பில் நான் கடைசி வரிசை வாங்கில் இருந்து நித்திரை கொண்டவன். ஹோட்டல்களின் படுக்கை விரிப்புகளைத் துவைத்து மடிக்கும் தொழிற்சாலையில் விடிய வேலைக்குப் போய் வந்தால் வேறென்ன செய்ய முடியும்? பிரெஞ்சு எனக்கு வந்தது யப்பானிய கார்ட்டூன் தொடர்களிலிருந்து. அனிமே என்பார்கள். இங்கே பிரெஞ்சுக் குரல் கொடுத்துப் போடுவார்கள். என் மகள் ஆரணி சிறுபிள்ளையாக இருந்தபோது பக்கத்தில் இருந்து பார்க்கத் தொடங்கியவன், அவள் நித்திரையான பிறகும் விடாமல் பார்த்தேன்.

எங்கள் ஊர் முள்ளியவளையில் இதைச் சொன்னால் "ஐம்பது வரப்போகுது, இன்னும் பொம்மைப் படமோ?" என்பார்கள். சொல்லட்டும். எட்டாம் வகுப்போடு புத்தகப் பையை வைத்துவிட்டு வவுனியா, கொழும்பு, மலேசியா, துபாய் என்று ஓரிடத்தில் நிற்காமல் திரிந்தவன் நான். புத்தகம் படித்துக் கதை கேட்கும் பழக்கம் வரவில்லை. கதை கேட்கும் ஆசை மட்டும் போகவில்லை.

ஊரில் எனக்கு ஒரே ஒரு கூட்டாளி இருக்கிறார். என் சொந்த அக்கா.

2

அக்கா இருப்பது ஒட்டுசுட்டான் பக்கம். இடியப்பம் அவித்துச் சந்திக் கடைகளுக்குக் கொடுக்கிறார். எனக்கு மதிய இடைவேளை வரும்போது அங்கே பின்னேரம். அடுத்த நாளுக்கு அக்கா மா வறுக்கும் நேரம் அது. தொலைபேசியைச் சீனிப் போத்தலில் சாய்த்து வைத்துவிட்டு அகப்பையோடு இருப்பார். அவருடைய மகள் தர்சினி தொலைக்காட்சியில் தமிழ்க் குரலோடு வரும் தொடர்களைப் போட, அக்காவும் குசினியிலிருந்து எட்டிப் பார்த்துப் பார்த்து உள்ளே விழுந்துவிட்டார். தொடர்களின் யப்பானியப் பெயர் எங்கள் இருவரின் வாயிலும் நுழையாது. நாங்களே பெயர் வைத்துக்கொண்டோம்.

முதலில் பார்த்தது 'வாள்காரப் பெடியன்'. எத்தனை பாகம் வந்தாலும் முடியாத வகை. என் அபிப்பிராயம், முதல் ஐம்பது பாகம் நல்லது, மிச்சம் வியாபாரம். ஒவ்வொரு எதிரியும் முந்தினவனைவிடப் பலசாலி என்றால், முந்தினவனுக்குப் பயந்த எங்களை என்ன செய்வது? எதிரியை அடிக்கும் முன் அந்த அடிக்கு வைத்த பெயரைச் சொல்லிக் கத்துவதும் எனக்குப் பிடிக்காது. சண்டையைக் கிட்ட நின்று பார்த்தவனுக்குத் தெரியும், அங்கே யாரும் ஒன்றும் சொல்வதில்லை. ஆனால் சண்டை முடிந்து எல்லோரும் வட்டமாக இருந்து சாப்பிடுவார்களே, அதை இவர்கள் மாதிரி யாரும் வரைய மாட்டார்கள்.

அக்காவின் அபிப்பிராயம் வேறு.

"ஏன்ரா தம்பி, வெட்ட வந்தவன் வெட்டாமல் தன்ர சின்ன வயசுக் கதையைச் சொல்லிக்கொண்டு நிக்கிறான். மற்றவன் வாயைப் பாத்துக்கொண்டு நிக்கிறான். இவங்களுக்கு வேறை வேலை இல்லையோ?"

"அது அவன்ர கவலையைக் காட்டுறதுக்கு, அக்கா."

"கவலை எண்டால் வீட்டை போயிருந்து அழட்டும். வாளோட வந்து அழுறது என்ன பழக்கம்?"

அந்தத் தொடரை லட்சக்கணக்கானவர்கள் பார்க்கிறார்கள். ஒருவரும் இப்படிக் கேட்டிருக்க மாட்டார்கள்.

3

யப்பானியர்கள் வயலை வரைவதைப் பார்க்க வேண்டும். கதாநாயகி பள்ளிக்கூடத்துக்குச் சைக்கிளில் போவாள், பின்னால் ஒரு நொடி வயல் தெரியும். அந்த ஒரு நொடியில் வரம்பு சரியாக இருக்கும், நட்டு ஒரு கிழமையான பயிருக்கு நடுவில் தண்ணீர் எப்படி மினுங்குமோ அப்படி மினுங்கும், தவளை சரியான சுதியில் கத்தும். வரைந்தவன் வரம்பில் வழுக்கி விழுந்தவனாகத்தான் இருக்க வேண்டும். பாரிஸ் ரயிலில் நின்றபடி அதைப் பார்த்து இறங்க வேண்டிய இடத்தை இரண்டு தடவை விட்டிருக்கிறேன்.

பனி மலைக்குள், ரயில் பாதை முடிகிற இடத்தில் சாப்பாட்டுக்கடை வைத்திருக்கும் பெண்ணின் தொடர் ஒன்று இருக்கிறது. ஒன்றும் நடக்காது. ஒரு ஆள் வருவான், சாப்பிடுவான், போவான். அதுதான் நான் பார்த்ததில் சிறந்தது என்பேன். அக்கா இரண்டு பாகம் பார்த்துவிட்டு, "சோறு குழைஞ்சு போச்சு, ஒருத்தனும் குறை சொல்லுறானில்லை" என்று விட்டுவிட்டார்.

பிள்ளைகளை ராட்சத இயந்திரத்துக்குள் ஏற்றிச் சண்டைக்கு அனுப்பும் வகையை மட்டும் நான் பார்ப்பதில்லை. இங்கே பெரிய படிப்பாளிகள்கூட அதைப் புகழ்கிறார்கள். நல்லதாகவே இருக்கட்டும். அந்த வயதுப் பிள்ளைகள் சண்டைக்குப் போனதை எங்கள் தெருவில் நின்று பார்த்தவன் நான். எனக்கு அது கதை இல்லை.

ஒருமுறை ஆரணி என்னைத் தியேட்டருக்குக் கூட்டிப் போனாள். மழையை வைத்து எடுத்த படம். கண்ணாடியில் துளி உருளுவதை எவ்வளவோ வடிவாக வரைந்திருந்தார்கள். ஈரத்துணி நாறும் என்பதை மறந்துவிட்டார்கள். தினமும் ஈரத்துணியோடு நிற்பவனுக்கு அது உறுத்தும். வெளியே வந்து அதைச் சொன்னேன்.

"அப்பா, நீங்கள் பாதியிலிருந்து குறட்டை" என்றாள் ஆரணி.

அப்போதெல்லாம் அவள்தான் எனக்கு மொழிபெயர்ப்பாளர். படத்தை நிறுத்தி நிறுத்திப் பிரெஞ்சை அரைகுறைத் தமிழில் சொல்லுவாள். எனக்குப் பிரெஞ்சு விளங்கத் தொடங்க, அவள் தமிழ் குறைந்துகொண்டு போனது. இப்போது அவளுக்குப் பதினைந்து வயது. காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு தன் அறையில் தனியாகப் பார்க்கிறாள். சனிக்கிழமை ஒன்றுதான் எங்களுக்கு மிச்சம். அதுவும் ஒரே ஒரு தொடருக்காக.

4

அந்தத் தொடருக்கு நாங்கள் வைத்த பெயர் 'ஆத்துச் சனம்'. பெரிய ஆறு, அதன் கரைகளில் ஊர்கள், மேலே ஒரு அணை, அணையைப் பிடித்து வைத்திருக்கும் கொடிய பிரபு. கதாநாயகர்கள் மூன்று பேர். மூவரையும் எனக்குப் பிடிக்காது. எனக்கும் அக்காவுக்கும் பிடித்தது அவர்களை ஆறு கடத்திவிடும் தோணிக்காரனை. குண்டு மனிதன், சண்டை தெரியாது, பகிடிக்காரன், மனைவியும் ஒரு சின்ன மகளும் கரையில் இருக்கிறார்கள்.

முதல் பருவத்தின் கடைசிப் பாகத்தில் அணையில் நெருப்பு. தண்ணீர் போகும் மதகை, எங்கள் பேச்சில் துருசை, யாராவது மூட வேண்டும், இல்லாவிட்டால் கீழே இருக்கும் ஊர்களை வெள்ளம் கொண்டுபோகும். தோணிக்காரன் ஓடுகிறான். துருசு மூடப்படுகிறது. அணையின் மேல்பக்கம் இடிந்து விழுகிறது. புகை. அவ்வளவுதான். எதிரிகள் ஒவ்வொருவரும் செத்ததையும் கிட்டக் காட்டினார்கள். இவனை மட்டும் காட்டவில்லை.

அக்கா அதைத் தமிழில் பார்த்த அன்று நான் வீட்டிலிருந்து பேசினேன். ஆரணி இடையில் வந்து தொலைபேசியை வாங்கினாள்.

"மாமி, கவலைப்படாதேங்கோ. தோணிக்காரன் சாகேல்லை."

"எப்பிடிப் பிள்ளை சொல்லுறாய்?"

"உடம்பைக் காட்டேல்லைத்தானே. உடம்பைக் காட்டாட்டில் ஆள் சாகேல்லை. அனிமே பாக்கிற எல்லாருக்கும் தெரியும்."

குசினியில் என் மனைவி வசந்தி பாத்திரம் கழுவுவதை நிறுத்திவிட்டார். அக்காவின் கணவர், எங்கள் அத்தான், கடைசி யுத்தத்தில் காணாமல் போனவர். முள்ளிவாய்க்கால் பக்கம், பதுங்கு குழியில் விட்டுவிட்டு வந்த அரிசி மூட்டையை எடுத்து வரப் போனார். தர்சினி அப்போது முதலாம் வகுப்பு. அவர் செத்ததைப் பார்த்தவர் யாருமில்லை. உயிரோடு பார்த்தவரும் யாருமில்லை. ஆரணிக்கு நாங்கள் அதை விளக்கமாகச் சொன்னதில்லை. மாமா இல்லை என்று மட்டும் அவளுக்குத் தெரியும்.

தொலைபேசியில் அகப்பை சட்டியில் உரசும் சத்தம் கேட்டது.

"ஓமோ?" என்றார் அக்கா. "அது நல்ல சட்டம்தான்."

5

இந்த வருடம் தர்சினிக்குக் கலியாணம் பொருந்தியது. மாப்பிள்ளை முள்ளியவளைப் பெடியன். தகப்பன் வயல் செய்யும் கமக்காரர், நல்ல மனிதர். சிக்கல் அழைப்பிதழில் வந்தது.

எங்கள் பக்கத்து அழைப்பிதழில் பெற்றோர் பெயர் போடும்போது, இறந்தவருக்கு முன்னால் 'காலஞ்சென்ற' என்று போடுவார்கள். அது ஒரு சொல்லோடு நிற்பதில்லை. அந்தச் சொல் விழுந்தால் தாய் விதவை. விதவை மணவறைக்குக் கிட்ட வரமாட்டாள். தாய்மாமனும் மனைவியும் நின்று பெண்ணைத் தாரை வார்த்துக் கொடுப்பார்கள். அதாவது நானும் வசந்தியும். சொல் விழாவிட்டால் தகப்பன் உயிரோடு இருக்கிறார் என்று அர்த்தம். வந்தவர்கள் எல்லோரும் எங்கே என்று தேடுவார்கள்.

அக்கா இத்தனை வருடமாக இரண்டு பக்கமும் சாயாமல் நின்றவர். குங்குமப் பொட்டு வைக்கிறார். செத்தவருக்குச் செய்யும் அந்தியேட்டிக் கிரியையைச் செய்யவில்லை. சில காலம் வீதியோரப் போராட்டக் கொட்டிலில், காணாமல் போனவர்களின் படத்தை மடியில் வைத்துக்கொண்டு இருக்கும் பெண்களோடு போய் இருந்தார். அரசாங்கக் கந்தோரிலிருந்து வந்து இறப்புச் சான்றிதழ் தருகிறோம், கையெழுத்து வையுங்கள் என்றபோது, "ஆளைத் தாங்கோ, கையெழுத்து வைக்கிறன்" என்று சொல்லி அனுப்பியவர். இப்போது 'காலஞ்சென்ற' என்று அச்சடித்தால் அந்தப் பெண்களின் முகத்தில் எப்படி முழிப்பது?

சம்பந்தியார் என்னோடு பேசினார்.

"தம்பி, குறை நினைக்காதேங்கோ. எனக்கு எதெண்டாலும் சரி. ஆனால் ஒண்டாய் இருக்கவேணும். செய்யவேண்டியதைச் செய்யாமல் நல்ல காரியம் வைச்சு, நாளைக்குப் பிள்ளையளுக்கு ஒண்டு எண்டால் ஊர் என்ன சொல்லும்?"

அவர் சொல்வதிலும் நியாயம் இருந்தது. அக்காவிடம் கேட்டேன். "பாப்பம்" என்றார். அடுத்த கிழமை கேட்டேன். யானை வந்து வாழையை முறித்துவிட்டுப் போன கதையைச் சொன்னார். அச்சகத்துக்காரன் என்ன போடுவது என்று கேட்டுத் தர்சினியை நெருக்கினான். தர்சினி என்னிடம் அழுதாள். "மாமா, அம்மாட்டை நான் எப்பிடிக் கேக்கிறது, அப்பா செத்திட்டாரோ எண்டு?"

6

இந்தக் குழப்பத்துக்குள்தான் 'ஆத்துச் சன'த்தின் இரண்டாம் பருவம் வந்தது. இங்கே பிரெஞ்சில் உடனே வந்துவிட்டது. தமிழில் வர மாதக் கணக்காகும்.

ஒரு சனிக்கிழமை நானும் ஆரணியும் பார்த்துக்கொண்டிருந்தோம். துறைமுகப் பட்டினம், ஒரு கப்பல் வருகிறது. மேல்தட்டில் தொப்பி போட்ட ஒருவன் திரும்புகிறான். தோணிக்காரன். ஆரணி கதிரையை விட்டுத் துள்ளி எழுந்தாள்.

"சொன்னேனே! மாமிக்கு எடுங்கோ அப்பா. இப்பவே!"

எனக்குக் கை வரவில்லை. காணாமல் போனவன் திரும்பி வருகிறான் என்று இந்த நேரத்தில் அக்காவுக்குச் சொல்வதா? ஒரு கார்ட்டூனைக் கேட்டு மனம் மாறும் ஆள் இல்லை அக்கா. ஆனால் இரவில் தனியாக இருந்து எதை நினைப்பார் என்று எனக்கு எப்படித் தெரியும்? பிறகு சொல்லுவோம் என்றேன். ஆரணி தன் தொலைபேசியில் தானே எடுத்துவிட்டாள்.

"மாமி! தோணிக்காரன் வந்திட்டார்!"

"ஆர்? எங்கட தோணிக்காரனோ?" அக்காவின் முகம் மலர்ந்ததை நான் பார்த்தேன். "எங்கையாம் இருந்தவன்?"

ஆரணிக்குத் தமிழ் போதவில்லை. நான்தான் சொல்ல வேண்டியிருந்தது. அணையிலிருந்து தப்பி, துறைமுகத்தில் வேறு பெயரில், பிரபுவைப் பழிவாங்கச் சரியான நேரம் பார்த்துக்கொண்டு இருந்தான்.

"எவ்வளவு காலம்?"

"கதையிலை ஆறு வருசம்."

"ஆறு வருசமோ?" மலர்ந்த முகம் போய்விட்டது. "மனுசிக்கு ஒரு சொல்லுச் சொல்லி அனுப்பேல்லையோ?"

"இல்லை, மாமி" என்றாள் ஆரணி. "அவையளைக் காப்பாத்தத்தான் அவர்..."

"நீ சும்மா இரு பிள்ளை. அவள் ஆத்தங்கரையிலை தோணி வலிச்சுப் பிள்ளையை வளத்திருப்பாள். இவர் தொப்பியும் போட்டுக்கொண்டு நேரம் பாத்தவராமோ? வீட்டை வரட்டும், அவள் விளக்குமாத்தாலை போடவேணும். உந்தக் கதையை எழுதினவனுக்கும் சேத்து."

ஆரணி சிரிக்கத் தொடங்கி, பாதியில் நிறுத்தினாள். அக்கா சிரிக்கவில்லை. சட்டியை அடுப்பிலிருந்து இறக்கி வைத்தார். மா பதம் கெடும் என்று ஒருநாளும் இடையில் இறக்காதவர்.

"உன்ர மாமா உப்பிடிச் செய்யிற ஆளில்லை பிள்ளை" என்றார். "சந்திக்கு வெத்திலை வாங்கப் போனாலும், பிந்தும் எண்டால் வழியிலை போற ஆரையாவது பிடிச்சு, மனுசி பாத்துக்கொண்டு இருக்கும், சொல்லிவிடு எண்டு சொல்லுவார். கால் இருந்தால் நடந்து வந்திருப்பார். கால் இல்லையெண்டால் சொல்லி விட்டிருப்பார். எங்கையோ உயிரோட இருந்துகொண்டு என்னைத் தேடாமல் இருக்கிறார் எண்டு நான் நினைக்கிறது, அந்த மனுசனுக்குச் செய்யிற பாவம்."

ஆரணி தொலைபேசியை என் பக்கம் நீட்டினாள்.

"தம்பி."

"சொல்லுங்கோ அக்கா."

"அச்சடிக்கிறவனுக்குச் சொல்லு. காலஞ்சென்ற எண்டு போடட்டும்."

"அவசரப்படாதேங்கோ, அக்கா. இன்னும் ரெண்டு நாள்..."

"தர்சினி பள்ளிக்கூடம் போகத் தொடங்கின காலத்திலையிருந்து பாத்துக்கொண்டு இருக்கிறன். இது அவசரமோ உனக்கு?"

"அந்தக் கொட்டில் ஆக்கள்?"

"அவையளிட்டை நானே போய்ச் சொல்லுவன். ஆர் கொண்டுபோனது, என்ன செய்தது எண்டு கேக்கிறதை நான் விடேல்லை. செத்த ஆளுக்கும் அதைக் கேக்கலாம்."

"அப்ப தாரை வார்க்க நானும் வசந்தியும்..."

"நீ வா. வந்து பந்தியைப் பார். மரக்கறி குறையாமல் பார்." அக்கா சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்தார். "பிள்ளையைக் குடுக்கிறது நான். வளத்தது நான். அவர் இல்லை எண்டு சொன்னதும் நான். அதுக்காக ஒருத்தரும் என்னைக் கொண்டுபோய் மூலையிலை இருத்த வேண்டாம்."

7

இரண்டு நாள் கழித்துச் சம்பந்தியார் எடுத்தார். அக்கா பஸ்சில் முள்ளியவளைக்கு நேரில் போயிருக்கிறார்.

"தம்பி, உங்கட அக்கா வந்து சொல்லிப்போட்டுப் போறா. அழைப்பிதழிலை காலஞ்சென்ற எண்டும் போடவேணுமாம், மணவறையிலை தானும் நிப்பாவாம். ரெண்டும் எப்பிடிப் பொருந்தும் எண்டு கேட்டன்."

"என்ன சொன்னவா?"

"பொருந்தாட்டில் இருக்கட்டும் எண்டவா." பிறகு அவரே தொடர்ந்தார். "நான் வேண்டாம் எண்டு சொல்லத்தான் வாயெடுத்தனான். அதுக்குள்ளை எங்கட வீட்டுக்காரி குசினிக்குள்ளையிருந்து வந்து, அவா சொல்லுறது சரி எண்டு நிண்டிட்டா. இனி நான் ஆரோட கதைக்கிறது? ஐயரோட கதைச்சுப் பாக்கிறன். அவர் மாட்டன் எண்டால் வேறை ஐயர் இல்லாமலோ போயிடும்?"

தொழிற்சாலையில் லீவு கேட்டிருக்கிறேன். கலியாணத்துக்கு முன்னால் முல்லைத்தீவுக் கடலில் அத்தானுக்குச் செய்ய வேண்டியதைச் செய்கிறோம். ஆரணியும் வருகிறேன் என்கிறாள். நான் கூப்பிடாமலே சொன்னாள்.

'ஆத்துச் சன'த்தின் இரண்டாம் பருவத்தைப் பற்றி என் அபிப்பிராயத்தையும் எழுத வேண்டும். வரைந்த விதம் முதலாவதைவிட நன்றாக இருக்கிறது. ஆனால் தோணிக்காரன் வீட்டுக்குப் போகும் பாகத்தில் மனைவி ஓடிவந்து கட்டிப்பிடிக்கிறாள். ஒரு கேள்வி கேட்கவில்லை. அதை எழுதியவருக்கு இப்படிக் காத்திருந்த ஒருவரையும் தெரியாது. முன்பு என்றால் நானும் கண் கலங்கியிருப்பேன்.

அந்தப் பாகம் முடிந்து பெயர்கள் ஓடும்போது ஆரணி எழுந்து போகவில்லை.

"அப்பா, மாமா என்ன மாதிரி ஆள்?"

தமிழில்தான் கேட்டாள். அடுத்த பாகம் தானாகத் தொடங்கப் போனது, நிறுத்தினேன். அத்தானைப் பற்றிப் பேசும்போது நாங்கள் எல்லோரும் இவ்வளவு காலமும் குரலைத் தாழ்த்தித்தான் பேசியிருக்கிறோம், அவர் பக்கத்து அறையில் இருக்கலாம் என்பது போல. அன்று நான் சாதாரணக் குரலில் தொடங்கினேன். உழவு மெசின் ஓட்டுவார் என்றேன். மெசின் சத்தத்தில் தன் குரல் யாருக்கும் கேட்காது என்று நினைத்து வயல் முழுக்கப் பாட்டுப் பாடுவார், ஊர் முழுக்கக் கேட்கும் என்றேன். நல்ல குரலா என்று கேட்டாள்.

"படு மோசம்" என்றேன். "மாடு வெருண்டு ஓடும்."

குசினியிலிருந்து வசந்தி சத்தமாகச் சிரிப்பது கேட்டது. பிறகு கையைத் துடைத்துக்கொண்டு வந்து, நான் விட்ட இடத்திலிருந்து அவர் சொல்லத் தொடங்கினார்.